ரொறன்ரோவில் பனிப்புயல்: வானிலையைப் படிப்பதில் தொடங்கி மறுநாள் வாசல் துப்புரவு வரை

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கம் முதலாவது அல்லது இரண்டாவது குளிர்காலத்தைக் கடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களும், பதினைந்தாம் மாடியில் வயதான பெற்றோரோடு இருக்கும் குடும்பங்களும்தான் என் மனதில் நிற்கிறார்கள். வருடா வருடம் இவர்கள் தடுமாறும் இடம் ஒன்றேதான். போனில் "20 சென்ரிமீற்றர்" என்று கண்டவுடன் பாணும் பாலும் வாங்க ஓடுவார்கள். காரின் ரயரையும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயையும், பேஸ்மென்ற் வாசல் படியையும் மறந்துவிடுவார்கள். பாண் இல்லாமல் இரண்டு நாள் இருக்கலாம். சூடு இல்லாமல் ஓர் இரவு இருக்க ஏலாது.

வேலைகளை அடுக்க ஒரு விதி வைத்திருக்கிறேன். புயல் வந்த பிறகு செய்யவே முடியாத வேலை முதலில். செய்யலாம் ஆனால் கஷ்டம் என்பது அடுத்தது. எப்போதும் செய்யக்கூடியது கடைசியில். சாப்பாடு வாங்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிசையில்தான் வரும்.

1. நவம்பர் முடிவதற்குள் செய்யவேண்டியவை

எச்சரிக்கை வந்த அன்று பின்னேரம் கடைக்குப் போனால் ஐஸை உருக்கும் உப்பும் இருக்காது, சவளும் இருக்காது. ரயர் மாற்றும் இடத்தில் இரண்டு வாரத்துக்குத் திகதி கிடைக்காது. அதனால் இந்தப் படி புயலோடு சேர்ந்தது அல்ல, நவம்பரோடு சேர்ந்தது.

ரயர்: வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண நான்குபருவ ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும்; பிடிப்பு குறையும். மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ போட்ட அடையாளம் உள்ள குளிர்கால ரயரைப் பாருங்கள். ஒன்ராறியோவில் அதற்கு இன்சூரன்ஸ் தள்ளுபடி உண்டு. நீங்களாகக் கேட்டால்தான் பெரும்பாலும் போடுவார்கள்.

கண்ணாடி கழுவும் திரவம்: மைனஸ் 40 வரை உறையாது என்று எழுதியதை ஊற்றுங்கள். கோடையில் ஊற்றியது மிச்சமிருந்தால் அதை அடித்துத் தீர்த்துவிட்டு ஊற்றவேண்டும். இல்லாவிட்டால் ஹைவேயில் போகும்போது அடித்த திரவம் கண்ணாடியிலேயே உறைந்து, முன்னால் ஒன்றும் தெரியாமல் போகும்.

வெளிக் குழாய்: வீட்டுக்கு உள்ளே அதற்கென்று ஒரு அடைப்பான் இருக்கும், பெரும்பாலும் பேஸ்மென்ற் கூரையோரத்தில். அதை மூடிவிட்டு, வெளியே உள்ள குழாயைத் திறந்து தண்ணியை வடியவிட்டு, திறந்தபடியே விடவேண்டும். பலர் வெளிக் குழாயை மட்டும் இறுக்கி மூடுகிறார்கள். சுவருக்குள் நிற்கும் தண்ணி உறையும்போது பருக்கும். செப்புக் குழாய் வெடிக்கும். வெடித்தது அப்போது தெரியாது. வசந்தத்தில் பூக்கன்றுக்குத் தண்ணி விடத் திறக்கும்போது பேஸ்மென்ற் நனையும்.

கார்பன் மொனொக்சைட் அலாரம்: காஸில் ஓடும் ஃபர்னஸ் உள்ள வீட்டில் படுக்கும் அறைகளுக்கு அருகில் இது இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அலாரத்துக்கும் காலாவதித் திகதி உண்டு, பின்பக்கம் எழுதியிருக்கும்.

சவள் இரண்டு வகை: தள்ளுவது, அள்ளுவது. இரண்டும் வேண்டும். தள்ளும் சவள் மட்டும் இருந்தால் றோட்டோரம் குவிந்த இறுகிய கட்டியை எடுக்க முடியாது.

2. ஐந்து நாள் முன்: எந்தப் பக்கத்தால் வருகிறது

இந்த நேரத்தில் எத்தனை சென்ரிமீற்றர் என்று பார்ப்பதில் பயனில்லை. புயல் பிறந்த இடத்தைப் பாருங்கள். அதை வைத்தே பாதி விஷயம் விளங்கும்.

வடமேற்கிலிருந்து, அல்பேர்ட்டா பக்கத்தால் வருவது வேகமாக வந்து வேகமாகப் போகும். ஈரம் குறைவு. பெரும்பாலும் ஐந்து, பத்து சென்ரிமீற்றர் பஞ்சு போன்ற ஸ்னோ. ஆனால் அதன் பின்னால் ஆர்க்ரிக் குளிர் வரும். இங்கே ஆயத்தம் ஸ்னோவுக்கு அல்ல, குளிருக்கு.

தென்மேற்கிலிருந்து, கொலராடோ அல்லது ரெக்சஸ் பக்கத்தால் வருவது மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். பெரிய புயல்கள் பெரும்பாலும் இதுதான். இதில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: தாழமுக்கத்தின் மையம் எங்களுக்கு எந்தப் பக்கத்தால் போகும்? மையம் ஒன்ராறியோ ஏரிக்குத் தெற்கே, நியூயோர்க் மாநிலத்தின் பக்கமாகப் போனால் நாங்கள் குளிர்ப் பக்கத்தில் இருப்போம், முழுக்க ஸ்னோ. எங்களுக்கு மேற்கே, ஹியூரன் ஏரிப் பக்கமாக ஏறிப் போனால் சூடான காற்று எங்கள்மேல் வரும். மழை பெய்து, பிறகு சட்டென்று உறையும். நேரே எங்கள் மேலால் போனால் எல்லாம் கலந்து வரும். நூறு கிலோமீற்றர் விலகினாலே முடிவு தலைகீழாகும். ஐந்து நாள் முன் சொன்ன எண் பிழைப்பது இதனால்தான்.

மூன்றாவது வகை ஏரிப்பனி. ஜோர்ஜியன் குடாவின் இளஞ்சூட்டுத் தண்ணிமேல் கடுங்குளிர் காற்று ஓடும்போது ஒடுங்கிய பட்டையாக ஸ்னோ கொட்டும். ரொறன்ரோவில் வெயில் எறிக்கும். ஹைவே 400 இல் பேரிக்குக் கிட்டப் போனதும் முன்னால் போகும் காரின் விளக்குத் தெரியாது. வடக்கே வேலைக்குப் போகிறவர்கள் புறப்படும் இடத்து வானிலையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். போகும் வழியெல்லாம் பாருங்கள்.

3. மூன்று நாள் முன்: ஓர் எண் அல்ல, வரம்பு

போனோடு வரும் வானிலை அப் ஒரு எண்ணைத் தரும். அது பெரும்பாலும் வானிலையைக் கணக்கிடும் ஏதோ ஒரு கணினி நிரல் (இதைத்தான் "மாதிரி" என்கிறோம்) கக்கியது. அதைச் சரிபார்த்த மனிதர் இல்லை. கனடாவின் மாதிரி, அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ், ஐரோப்பிய மாதிரி மூன்றையும் இலவசமாகப் பார்க்கலாம். மூன்றும் ஒத்துப்போனால் நம்பித் திட்டமிடுங்கள். ஒன்று 5, ஒன்று 12, ஒன்று 30 என்றால் எண்ணை விடுங்கள். புயலின் பாதை இன்னும் தீரவில்லை என்று அதற்குப் பொருள். நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்வது நல்ல யோசனைபோலத் தோன்றும். ஆனால் பாதை இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது நடுவில் உள்ளதுதான் நடக்க வாய்ப்புக் குறைவு. மோசமான பக்கத்துக்கு ஆயத்தம் செய்யுங்கள்.

ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் பார்க்கவேண்டியதில்லை. உலகம் முழுவதும் வானிலைப் பலூன்களை நாளுக்கு இரண்டு தடவை ஒரே நேரத்தில் விடுகிறார்கள். குளிர்காலத்தில் அது எங்கள் நேரப்படி காலை 7, இரவு 7. அந்தப் புதுத் தரவை எடுத்துக்கொண்டு மாதிரிகள் ஓடி முடியச் சில மணித்தியாலம் எடுக்கும். ஆகவே பின்னேரம் ஒரு தரம், விடியற்காலை ஒரு தரம். மணிக்கு மணி அப்பைத் திறந்து பார்த்தால் பயம்தான் கூடும்.

கனடா சுற்றாடல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையே கடைசிச் சொல்லாக வையுங்கள். அதை வானிலையாளர்கள் எழுதுகிறார்கள். அதன் வெதர்கேன் அப்பைப் போட்டு, உங்கள் இடத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஏரித் தண்ணி இன்னும் சூடாக இருக்கும். ஒரே புயலில் ஏரிக்கரையோரத்து லேக் ஷோர் தெருவில் மழை, நகரின் வட எல்லையான ஸ்டீல்ஸ் தெருவுக்கு வடக்கே பத்து சென்ரிமீற்றர் ஸ்னோ என்று வருவது புதினம் அல்ல. "ரொறன்ரோ" என்று மட்டும் போட்டுவிட்டு மார்க்கத்தில் இருந்தால் பிழையான முடிவு எடுப்பீர்கள்.

4. இரண்டு நாள் முன்: என்ன விழப்போகிறது

இதுதான் முழு வேலையிலும் முக்கியமான படி. எங்கள் மொழியில் ஊர்ப் புல்லின்மேல் நின்ற துளியும் பனி, வானத்திலிருந்து கொட்டுவதும் பனி, நிலத்தில் கண்ணாடியாக உறைவதும் பனி. இங்கே அந்த ஒரு சொல்லோடு நின்றால் ஆபத்து. கீழே சொல்லும் நான்கு வகையையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

ஸ்னோ: மேலிருந்து கீழ்வரை காற்று முழுக்கப் பூச்சியத்துக்குக் கீழே. விழுந்ததை அள்ளலாம்.

ஐஸ் மணி: நடுவானத்தில் சூடான காற்று ஒரு படை புகுந்து ஸ்னோவை உருக்கும், கீழே தடித்த குளிர்ப் படை அதைத் திரும்ப உறைய வைக்கும். ஜன்னலில் அரிசி எறிந்தது போலச் சத்தம் கேட்கும். வழுக்கும், ஆனால் மரத்தை முறிக்காது.

உறைபனி மழை: அதே சூடான படை, ஆனால் நிலத்துக்குக் கிட்ட உள்ள குளிர்ப் படை மெல்லியது. துளி உறைய நேரம் கிடைக்காது. தண்ணியாகவே விழுந்து, தொட்டவுடன் உறையும். படி, கைபிடி, கம்பி, கிளை எல்லாம் கண்ணாடி பூசியதுபோல் ஆகும். ஆறு மில்லிமீற்றர் தடிப்புக்கே சின்னக் கிளைகள் முறியத் தொடங்கும். பன்னிரண்டு என்றால் மின்கம்பிகளுக்கே ஆபத்து. 2013 டிசம்பரில் கிறிஸ்மஸுக்குச் சற்று முன் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் நின்றது இதனால்தான், ஸ்னோவால் அல்ல. நாங்கள் அப்போது அப்பார்ட்மென்றில் இருந்தோம். மூன்றாம் நாள் விடியும்போது படுக்கையறை ஜன்னலின் உள்பக்கத்தில் எங்கள் மூச்சுப் படிந்து உறைந்திருந்தது. மகள் அதை நகத்தால் சுரண்டினாள்.

மழை, பிறகு சடுதி உறைவு: பகலில் 4 பாகையில் மழை, பின்னேரம் 5 மணிக்கு மைனஸ் 6. அப்பில் இது பாவமாகத் தெரியும். மழைப்படம் மட்டும் போட்டிருக்கும். வேலை விட்டு வரும் நேரத்தில் ஹைவே 401 முழுக்கக் கண்ணாடி.

இதைக் கண்டுபிடிக்க வானிலைப் பட்டம் வேண்டாம். மணிவாரி முன்னறிவிப்பைத் திறந்து மூன்று விஷயத்தைத் தாளில் எழுதுங்கள்: எந்த மணிக்கு வெப்பநிலை பூச்சியத்தைக் கடக்கிறது, அந்த மணியில் ஏதாவது விழுகிறதா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து. மேலே சூடு ஏறும் புயலில் கிழக்கு அல்லது வடகிழக்குக் காற்று அடித்து, நிலத்தில் மைனஸ் 1, மைனஸ் 2 என்று நின்றால் உறைபனி மழைக்கு ஆயத்தமாகுங்கள். கிழக்கிலிருந்து குளிர் காற்று நிலத்தோடு நிலமாக ஊர்ந்து வந்துகொண்டே இருக்கும். மேலே சூடு ஏறினாலும் கீழே ஏறாது.

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். சாதாரணமாக ஒரு மில்லிமீற்றர் தண்ணி, ஒரு சென்ரிமீற்றர் ஸ்னோ. மைனஸ் 10 இல் அதே தண்ணி ஒன்றரைப் பங்கு உயரமாகப் பஞ்சாக விழும். பூச்சியத்துக்குக் கிட்ட அரைப் பங்கு உயரமாகச் சேறாக விழும். 25 மில்லிமீற்றர் தண்ணி எந்த வடிவில் விழுந்தாலும் ஒரு சதுர மீற்றருக்கு 25 கிலோ. ஐந்துக்கு ஆறு மீற்றர் டிரைவ்வே என்றால் 750 கிலோ. அதை யார் அள்ளப்போகிறார்கள் என்பதை இன்றைக்கே முடிவெடுங்கள்.

5. எச்சரிக்கையை வாசிப்பது

கனடா சுற்றாடல் திணைக்களம் மூன்று நிலையாகச் சொல்லும். சிறப்பு வானிலை அறிக்கை என்றால் ஒன்று வருகிறது, கவனியுங்கள் என்று பொருள். கண்காணிப்பு என்றால் கடுமையாக வரக்கூடும், ஆயத்தத்தைத் தொடங்குங்கள். எச்சரிக்கை என்றால் வருவது கிட்டத்தட்ட உறுதி அல்லது வந்துவிட்டது. பலர் மூன்றாவதற்குக் காத்திருக்கிறார்கள். வெளி வேலைகளை இரண்டாவதிலேயே முடிக்கவேண்டும். இப்போது எச்சரிக்கைகளுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமும் சேர்த்திருக்கிறார்கள். நிறம் பாதிப்பின் அளவைச் சொல்லும். மஞ்சள் என்பதற்காக விட்டுவிடக்கூடாது.

தென் ஒன்ராறியோவில் ஸ்னோ எச்சரிக்கைக்கு வழமையான அளவு 12 மணித்தியாலத்தில் 15 சென்ரிமீற்றர். மொத்தத்தைவிட வேகம்தான் முக்கியம். இரண்டு நாளில் விழும் 20 சென்ரிமீற்றரை உழும் வண்டிகள் சமாளிக்கும். 2022 ஜனவரி 17 திங்கட்கிழமை காலை சில மணித்தியாலத்துக்குள் 30 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியபோது நகர ஹைவேகளான டொன் வலி பார்க்வேயையும் கார்டினரையும் மூடினார்கள். நூற்றுக்கணக்கான பஸ்கள் றோட்டில் இறுகி நின்றன.

காற்றுக்குளிர் எண்ணைப் பற்றிப் பெரிய குழப்பம் இருக்கிறது. வெப்பநிலை மைனஸ் 18, காற்றோடு மைனஸ் 30 என்றால் அந்த மைனஸ் 30 உங்கள் தோலுக்கு மட்டும். கார் மைனஸ் 18 க்குக் கீழே போகாது. தோலுக்கோ மைனஸ் 28 தாண்டினால் 10 முதல் 30 நிமிடத்தில் உறைவு. மைனஸ் 40 தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். பஸ் தரிப்பில் எத்தனை நிமிடம் நிற்பீர்கள் என்பதோடு அந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

6. முதல்நாள்: ஒழுங்கு முக்கியம்

வெளிச்சம் இருக்கும்போது வெளி வேலை. இருட்டிய பிறகு உள் வேலை.

முதலில் கார். பெற்றோல் பாதிக்கு மேல் இருக்கவேண்டும். றோட்டில் இறுகினால் அதுதான் உங்கள் அடுப்பு. கண்ணாடி துடைப்பான்களைத் தூக்கி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியோடு ஒட்டும். சவளையும் ஐஸ் சுரண்டியையும் காருக்குள் வைத்துவிட்டு, கதவு உறைந்து திறக்கமுடியாமல் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவை வீட்டுக்குள், வாசலுக்குக் கிட்ட. காருக்குள் இருக்கவேண்டியது போர்வை, சின்னச் சவள், ரோச் லைற், தண்ணி, பற்றரிக்கு உயிர் கொடுக்கும் கேபிள். தெருவில் விடும் காரை டிரைவ்வேக்குள் எடுங்கள். உழும் வண்டி கட்டித் தள்ளும் கரைக்குள் அது புதைந்துவிடும்.

அடுத்து உப்பு. உறைபனி மழை என்றால் விழுவதற்கு முன்பே படியிலும் நடைபாதையிலும் மெல்லிதாகத் தூவவேண்டும். முன்னால் போட்டால் ஐஸ் நிலத்தோடு ஒட்டாது. பிறகு கட்டியாகக் கிளம்பும். பின்னால் போட்டால் மூன்று மடங்கு உப்பு வேண்டும், வேலையும் அரைகுறை. மைனஸ் 10, 12 க்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. அந்தக் குளிரில் மண் தூவுங்கள். உருக்காது, காலுக்குப் பிடிப்புத் தரும்.

பேஸ்மென்ற் வாசல். தனி வாசல் என்று வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளில் படி கீழே இறங்கிக் கதவில் முடியும். அந்தப் பள்ளம் ஸ்னோவுக்கு ஒரு பெட்டி. காற்று அடித்தால் 20 சென்ரிமீற்றர் புயலிலும் அங்கே இடுப்பளவு நிரம்பும். கதவு வெளிப்பக்கம் திறப்பது என்றால் உள்ளே இருப்பவர் அடைபட்டுப்போவார். சவளைக் கதவுக்கு உள்ளே வையுங்கள், வெளியே அல்ல. அடியில் உள்ள வடிகால் துளையில் அடைந்த இலைகளை இன்றைக்கே எடுங்கள். மேல்மாடிக்குப் போகும் உள்கதவு பூட்டியிருந்தால், அவசரத்துக்கு அதைத் திறப்பது பற்றி வீட்டுக்காரரோடு இன்றைக்கே கதையுங்கள்.

இருட்டிய பிறகு வீட்டுக்குள்: எல்லாப் போனும் பற்றரியும் சார்ஜ். மூன்று நாளுக்கு, ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு 2 லீற்றர் கணக்கில் குடிதண்ணி. மருந்து ஒரு வாரத்துக்கு. பிரசர், சீனி, ஆஸ்துமா மருந்து எடுப்பவர்கள் மருந்துக்கடை மூடுமுன் வாங்கவேண்டும். டயாலிசிஸ் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் நிலையத்துக்கு அழைத்து நாளை மாற்றலாமா என்று கேளுங்கள். புயல் நாளில் வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்கவேண்டாம்.

கடைசியில் சமையல். சூடாக்காமல் சாப்பிடக்கூடியது முக்கியம்: பாண், வாழைப்பழம், கடலை, ரின் மீன், பிஸ்கட். இரவு படுக்குமுன் பிளாஸ்க்கில் சுடுதண்ணி நிரப்பிவையுங்கள். விடிய கரன்ற் இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுக்கலாம்.

7. கரன்ற் போனால்

"எங்களுடையது காஸ் ஹீற்றர், கரன்ற் போனாலும் பிரச்சினையில்லை." ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். பிரச்சினை உண்டு. காஸ் ஃபர்னஸைப் பற்றவைப்பதும் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும் மின்சாரத்தில்தான் ஓடும். கரன்ற் போனால் சூடும் போகும்.

உடனே செய்யவேண்டியது ஓர் அறையைத் தெரிவுசெய்வது. சின்னதாக, தெற்கு அல்லது மேற்குப் பக்க ஜன்னலோடு. எல்லோரும் அங்கே. கதவுக்கு அடியில் துவாய். ஜன்னலுக்குப் போர்வை, பகலில் வெயில் அடித்தால் மட்டும் விலக்குங்கள்.

கரியடுப்பு, பார்பிக்கியூ, முகாம் அடுப்பு, ஜெனரேற்றர் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. கராஜிலும் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. காஸ் அடுப்பை மூட்டிவைத்துக் குளிர்காயவும் கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, சத்தி, நித்திரை வரும், எழும்பமாட்டார்கள். ஊரில் கரிச்சட்டி வைத்துக் குளிர்காய்ந்த பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு இதைத் தமிழில், பொறுமையாக, புயலுக்கு முன்பே விளங்கப்படுத்துங்கள். அங்கே கிடுகுக் கூரையில் காற்றுப் போக இடம் இருந்தது. இங்கே வீட்டை மூடிக் கட்டியிருக்கிறார்கள். இதை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஃபிரிட்ஜை மூடியே வைத்தால் நான்கு மணித்தியாலம் தாங்கும். நிரம்பிய ஃபிரீசர் மூடியபடி இரண்டு நாள். பாதி நிரம்பியது ஒரு நாள்.

உயர்மாடியில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. லிஃப்ற் நிற்கும். தண்ணியை மேலே ஏற்றும் பம்பும் நிற்கக்கூடும். புயல் இரவு படுக்குமுன் வாளியிலும் குளியல் தொட்டியிலும் தண்ணி பிடியுங்கள், ரொய்லற்றுக்கு. படியேற முடியாத பெற்றோர் இருந்தால், கீழ்மாடியில் அல்லது வேறு பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு முதல்நாளே கூட்டிக்கொண்டு போவதுதான் சரி. நடுவில் போகவே முடியாது.

கரன்ற் போன நேரத்தில் வீட்டுக் குழாய்களும் ஆபத்தில் இருக்கும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களை நூல்போல ஓடவிடுங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவிடுங்கள், அறைச் சூடு குழாய்க்குப் போகட்டும். வீட்டை விட்டுப் போவதென்றால் பிரதான அடைப்பானை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடியவிடுங்கள். இது வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எங்கே போவதென்று தெரியாவிட்டால் 211 ஐ அழைத்து அருகில் சூட்டு நிலையம் திறந்திருக்கிறதா என்று கேட்கலாம். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

8. கொட்டிக்கொண்டிருக்கும்போது

மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வீட்டுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் இரண்டையும் பாருங்கள். ஒன்று ஃபர்னஸ் காற்று எடுக்கும், மற்றது புகை விடும். ஸ்னோ மூடினால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும். அல்லது புகை உள்ளே திரும்பும். சுற்றிவர ஒரு முழத்துக்குக் கையால் விலக்குங்கள். சவளால் அடித்துக் குழாயை உடைத்துவிடாதீர்கள்.

அள்ளுவதைப் புயல் முடியட்டும் என்று விட்டுவைக்கவேண்டாம். பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு தரம் அள்ளினால் மூன்று சின்ன வேலை. ஒரேயடியாக 30 என்றால் அடியில் இறுகி, இதயத்துக்கும் முதுகுக்கும் கேடு. குளிரில் இரத்தக்குழாய் சுருங்கும். அதோடு பாரம் தூக்கினால் மாரடைப்பு வருவது இங்கே ஒவ்வொரு புயலிலும் நடக்கிறது. ஐம்பது தாண்டியவர்கள், பிரசர் உள்ளவர்கள் சவளைப் பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டு இளைஞரிடமோ கொடுங்கள். தூக்காமல் தள்ளுங்கள். தூக்கத்தான் வேண்டும் என்றால் பாதிச் சவள். தோளுக்கு மேலால் எறியக்கூடாது. நெஞ்சு இறுகினால், தாடை அல்லது இடது கை நொந்தால் சவளை அங்கேயே போட்டுவிட்டு 911.

அள்ளியதை றோட்டுக்குள் எறியக்கூடாது. நகரச் சட்டம் தடுக்கிறது, உழும் வண்டி திரும்ப உங்கள் வாசலுக்கே தள்ளும். றோட்டைப் பார்த்து நிற்கும்போது டிரைவ்வேயின் இடதுபக்கத்தில் கொட்டுவதைத் தவிர்த்து வலதுபக்கத்தில் குவியுங்கள். வண்டி இடமிருந்து வலமாகத்தான் வரும். இடதுபக்கக் குவியலை இழுத்து வாசலை அடைக்கும்.

உடுப்பில் பெரிய பிழை பருத்தி. அள்ளும்போது வியர்க்கும், பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், நின்றவுடன் நடுங்கும். உள்ளே பொலியெஸ்ரர் அல்லது கம்பளி, நடுவில் தடித்தது, வெளியே காற்றுப் புகாதது. விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்த கையுறை சூடு. சப்பாத்துக்குள் இரண்டு சொக்ஸ் போட்டு இறுக்கினால் கால் கூடக் குளிரும். விரல் அசைய இடம் வேண்டும்.

9. போகத்தான் வேண்டும் என்றால்

பள்ளிக்கூடப் பஸ் இல்லை என்பது பள்ளிக்கூடம் இல்லை என்பதல்ல. ஒன்ராறியோவில் பல நாட்களில் பஸ் நின்றாலும் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். காலை ஆறு மணிக்குக் கல்விச் சபையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹைவேயில் ஏறுமுன் ஒன்ராறியோவின் றோட்டு நிலவரச் சேவையான 511 ஐப் பாருங்கள். றோட்டு மூடியிருக்கிறதா, கமராவில் நிலம் தெரிகிறதா என்று தெரியும். காரின் கூரையிலுள்ள ஸ்னோவை முழுக்கத் தட்டுங்கள். முன்கண்ணாடியில் ஒரு வட்டம் மட்டும் சுரண்டிவிட்டு ஓட்டினால், பிறேக் பிடிக்கும்போது கூரையில் இருப்பது சரிந்து கண்ணாடியை மூடும்.

இறுகி நின்றால் காரை விட்டு நடக்கவேண்டாம். புகைக்குழாயைச் சுற்றி ஸ்னோவை விலக்கிய பிறகே எஞ்சினைப் போடுங்கள். மணிக்குப் பத்து நிமிடம், காற்று வராத பக்கத்து ஜன்னல் ஒரு விரல் திறந்து. திரும்பவும் போடுமுன் திரும்பவும் குழாயைப் பாருங்கள்.

10. மறுநாள்

வானம் வெளித்து வெயில் எறிக்கும். எல்லோரும் முடிந்தது என்று நினைப்பார்கள். தென்மேற்கால் வந்த புயலுக்குப் பின் வடமேற்குக் காற்று குளிரை இழுத்துவரும். மறுநாள் காலை 8 மணிக்குள் அள்ளாதது அன்றிரவு கல்லாகும். முதலில் உழும் வண்டி வாசலில் விட்டுப்போன கரை, பிறகு நடைபாதை, பிறகு கார்.

அறுந்த கம்பி கண்டால் 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள். அது செத்த கம்பி போலவே கிடக்கும். 911 க்குச் சொல்லுங்கள். ஐஸ் தொங்கும் கூரையோரத்துக்குக் கீழே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

விரல் நுனி, காது, மூக்கு வெள்ளையாகவோ மெழுகு போலவோ மாறி விறைத்தால் தோல் உறைந்திருக்கிறது. தேய்க்கக்கூடாது, ஸ்னோவால் உரசவே கூடாது, கொதிநீரும் கூடாது. உள்ளே வந்து இளஞ்சூட்டுத் தண்ணியில் வையுங்கள்; உணர்ச்சி திரும்பாவிட்டால் வைத்தியசாலை. வயதானவர் நடுங்குவதை நிறுத்தி, பேச்சு குழறினால் உடல்சூடு ஆபத்தாக இறங்கியிருக்கிறது. அப்போது காத்திருக்காமல் 911.

கடைசி வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. வாசலுக்கு முன் றோட்டோரத்தில் உள்ள வடிகால் மூடியைத் தேடி அதன்மேல் உள்ள ஸ்னோவை விலக்குங்கள். அப்படியே தீயணைப்புத் தண்ணிக் குழாய் இருந்தால் அதையும் சுற்றிவர. மூன்று நான்கு நாளில் 6 பாகையும் மழையும் வரக்கூடும்; 25 சென்ரிமீற்றரும் தண்ணியாகி ஓட இடம் தேடும். வடிகால் மூடியிருந்தால் அந்தத் தண்ணி பேஸ்மென்ற் படியால்தான் இறங்கும்.